அறுநூற்றிருபதில் ஒரு பள்ளம்

பள்ளிக்கூட வேன் ஒன்றின் கூரைமேல், நீலத் தார்ப்பாய்க்குள் தலையை நுழைத்துக்கொண்டு றுமானா உட்கார்ந்திருந்தாள். வெளியே காலை ஒன்பதரை மணி வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தார்ப்பாய்க்குள் புழுக்கம் அதைவிட மோசம். ஆனால் அதில்லாமல் மடிக்கணினியின் திரையில் ஒன்றும் தெரியாது. அவளுக்கு ஒரு முழம் தள்ளி, கூரையின் சாமான் கம்பிகளோடு கயிற்றால் இறுக்கிக் கட்டிய முக்காலியில், சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் ஒற்றைக் கண்ணாடி, முந்தல் களப்பு என்ற உப்பங்கழியின் ஓரத்து இறால் பண்ணையின் நான்காம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நானா, வேன ஆட்டாதீங்க!"

"நான் எங்க ஆட்டின? மூச்சு உட்ட, அவ்வளவுதான்." கீழேயிருந்து ஜௌபரின் குரல் வந்தது.

ஜௌபர் அவளுடைய மூத்த சகோதரன். தில்லையடியிலிருந்து புத்தளத்துப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். ஓகஸ்ட் விடுமுறை என்றால் வேனுக்கு வேலை இல்லை, தங்கச்சிக்கு வேன் கிடைக்கும் என்று இருவருக்கும் இடையில் ஒரு ஒப்பந்தம். உயரத்திலிருந்து பார்த்தால்தான் தண்ணீரின்மேல் வெயில் அடிக்கும் கண்கூச்சம் குறையும் என்று அவள் சொன்னதிலிருந்து, வேனின் கூரை அவளுடைய ஆய்வுகூடம் ஆகிவிட்டது. இதே பண்ணைக்கு இது மூன்றாவது பயணம். முதல் இரண்டும் என்ன ஆயின என்பதை ஜௌபர் வழியெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு வந்தான்.

சாதாரண கெமராவுக்கு மூன்று நிறம்தான் தெரியும்: சிவப்பு, பச்சை, நீலம். றுமானாவின் பெட்டி அதே வெளிச்சத்தை முப்பது கூறாக்கிப் பார்க்க வேண்டும். முப்பதையும் ஒவ்வொன்றாக எடுக்கும் கருவிகள் உலகத்தில் உண்டு. அவை விலைக்கும் எட்டாதவை, வேகமும் இல்லாதவை. ஒரு வரி, அடுத்த வரி என்று அவை நகர்ந்து முடிப்பதற்குள் குளத்துத் தண்ணீர் நூறு தடவை அசைந்துவிடும். அவளுடைய பெட்டி ஒரே ஒரு தடவை கண் சிமிட்டும். உள்ளே முத்திரை அளவில் ஒரு கண்ணாடித் தகடு. அதில் கறுப்பும் வெறுமையுமாகக் கண்ணுக்குத் தெரியாத சின்னக் கட்டங்கள் தாறுமாறாக இறைந்திருக்கும். அதைத் தாண்டிய வெளிச்சத்தை ஒரு பட்டகம் நிறம் நிறமாக விலக்கிவிடும். விலகிய முப்பது படமும் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து ஒரே சாம்பல் நிறக் கறையாக விழும். அந்தக் கறைதான் பெட்டி எடுக்கும் அளவீடு. அதிலிருந்து முப்பதையும் பிரித்தெடுப்பது கணினிக்குள் இருக்கும் நரம்பியல் வலையின் வேலை. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கினால், எந்தக் கறைக்குள் என்ன இருந்திருக்கும் என்று அது கற்றுக்கொள்ளும்.

பண்ணை முகாமையாளர் கத்தரினாவுக்கு முதல் நாள் இதை விளக்கியபோது, அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். நாற்பத்தெட்டு வயது, பதினெட்டு வருடமாக இந்தக் குளங்களோடு இருப்பவர், முழங்கால் வரை ஏறிய றப்பர் சப்பாத்து. கேட்டு முடித்துவிட்டு ஒரே வசனத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"அப்ப உங்கட மிஷின் ஊகிக்குது மிஸ்."

அன்றைக்கு அது ஊகித்தது. பச்சைத் தண்ணீரைக் காட்டினால், மாமரத்து இலையின் நிறக்கோட்டை, எந்த நிறம் எவ்வளவு என்று காட்டும் வளைவை, கொண்டுவந்து வைத்தது. எங்கோ குளிர்நாடொன்றில் மேசைமேல் அடுக்கி எடுத்த பழங்கள், பொம்மைகள், நூல்கண்டுகள், பூச்சாடிகள், இவற்றையே பார்த்து வளர்ந்த வலை அது. பச்சை என்றால் அதற்கு இலை. கத்தரினா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் தடவை இலை போய், பச்சை பிளாஸ்டிக் வாளி வந்தது. ஆய்வைப் பரிசீலித்த பேராசிரியர், சூம் அழைப்பில் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது அளக்கிறதா, அல்லது பழகியதைத் திருப்பிச் சொல்கிறதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி, துணி காயப்போடும்போதும் பின்னேர வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் காதுக்குள் இருந்தது.

நான்கு மாதம் அவள் தண்ணீர் பார்த்தாள். நீளக் கழி ஒன்றின் நுனியில் நிறங்களைப் பிரித்து அளக்கும் நிறமானியின் கண்ணைக் கட்டிக்கொண்டு முந்தல், பள்ளிவாசல்துறை, உப்பளங்களின் ஓரம், களப்பின் கரை என்று திரிந்தாள். நிறமானி ஒரு புள்ளியை மட்டும்தான் பார்க்கும். ஆனால் பார்த்ததை உள்ளபடி சொல்லும், ஊகிக்காது. கைவிட்ட குளம் ஒன்றில் பதினொரு இடத்தில் நீலப்பச்சைப் பாசி கிடைத்தது. கெட்ட பாசி அது. எல்லாக் குளத்துப் பச்சையும் பாசிதான். இறாலுக்கு அதில் நன்மையும் உண்டு. இந்த ஒரு இனம் மட்டும் பெருகிவிட்டு, ஒரே நாளில் செத்து விழும். விழும்போது தண்ணீரின் ஒட்சிசனை உறிஞ்சிவிடும். சென்ற வருடம் இரண்டாம் குளத்தில் அதுதான் நடந்தது. விடிந்து பார்த்தபோது இறாலெல்லாம் கரையோரம் ஒதுங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன என்று கத்தரினா சொல்லியிருந்தார். கண்ணுக்கு அதுவும் பச்சை, இதுவும் பச்சை. வித்தியாசம் ஒரே இடத்தில்தான்: ஒளியின் வரிசையில் அறுநூற்றிருபது நனோமீற்றர் என்ற இடத்தில், செம்மஞ்சள் சிவப்பாகும் எல்லையில், கெட்ட பாசி வெளிச்சத்தை விழுங்கிவிடும். கோடு அங்கே ஒரு பள்ளமாக இறங்கும்.

சேர்த்த நிறக்கோடுகளால் வலையை மறுபடி பழக்கினாள். இன்னொன்றும் செய்தாள். வலை ஊகித்த முப்பது படத்தையும் அதே தகடு, அதே பட்டகம் வழியே கணக்கால் திரும்ப நசுக்கி, முதலில் விழுந்த கறை வருகிறதா என்று பார்க்க வைத்தாள். வராவிட்டால் திருத்து, மறுபடி நசுக்கு, மறுபடி பார். ஒன்பது சுற்று.

இன்றைக்கு அந்த ஒன்பது சுற்றும் ஏழு விநாடியில் முடிந்தன. தார்ப்பாய்க்குள், வியர்வை மூக்கு நுனியிலிருந்து விசைப்பலகையில் சொட்ட, றுமானா முதல் கோட்டைத் திறந்தாள். குளத்தின் நடுவில் ஒரு புள்ளி. இலை இல்லை. வாளி இல்லை. தண்ணீர். கழிநுனியில் நூறு தடவை பார்த்துச் சலித்த அதே கோடு, அதே மெதுவான ஏற்றம், அதே இரட்டை மேடு.

"நானா! தண்ணி! தண்ணி வந்திட்டிது!"

"என்ன? எங்கால?" ஜௌபர் பதறிப்போய் வேனின் சில்லடியைக் குனிந்து பார்த்தான்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முழுக் குளத்துக்கும் கணக்கை ஓடவிட்டாள். எங்கெங்கே அறுநூற்றிருபதில் பள்ளமோ அங்கெல்லாம் கத்தரிப்பூ நிறம் பூசு என்று சொல்லியிருந்தாள். எதுவும் வராது என்று நினைத்தாள். நல்ல குளம் இது. கத்தரினா தினமும் பார்க்கிற குளம். படம் மேலிருந்து கீழாகத் தெளிந்துகொண்டு வந்தது. வடகிழக்கு மூலையில், வேனுக்கு எதிர்க்கரையில், ஒரு பாய் விரித்த அளவில் கத்தரிப்பூ நிறம் படர்ந்திருந்தது.

தார்ப்பாயை உதறிவிட்டு எழுந்து நின்றாள். கண்ணால் பார்த்தாள். மூலை பச்சை. நடு பச்சை. எல்லாம் ஒரே பச்சை.

முதலில் வந்தது சந்தோஷம், அடுத்த நொடியே சந்தேகம். பதினொரு நீலப்பச்சைக் கோடுகளை இந்த வலைக்கு ஊட்டியது அவள்தான். கரையின் நிழல் விழும் மூலையைக் கண்டதும் அது ஞாபகத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பூசிவிட்டதோ? இலைக்குப் பதில் இப்போது பாசியோ? பேராசிரியரின் கேள்வி கூரைமேல் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

கத்தரினா வரம்போரமாக வந்துகொண்டிருந்தார். படத்துக்காகக் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்கு எவ்வளவு நேரம் என்று கேட்கத்தான் வருகிறார். றுமானா ஒன்றையும் மறைக்கவில்லை. திரையைக் காட்டினாள், சந்தேகத்தையும் சொன்னாள். கத்தரினாவின் முகம் இறுகியது.

"நாலாம் குளத்தில குஞ்சு விட்டு எழுபத்தஞ்சு நாள் மிஸ். இன்னும் மூண்டு கிழமையில வலை போட்டு இறால் பிடிக்க இருக்கிறம். விளையாட்டுக் கதை இல்ல இது."

"விளையாட்டு இல்லக்கா. எனக்கு இன்னும் ஒரு படம் வேணும். அந்தக் கரையிலேந்து."

யோசனை அந்த நொடியில்தான் வந்தது. வலை கற்பனை செய்கிறதென்றால் அதன் கற்பனை கெமராவோடு சேர்ந்து நகரும். பாசி குளத்தில் இருக்கிறதென்றால் அது குளத்திலேயே நிற்கும். எதிர்க்கரைக்குப் போய், பெட்டிக்குள் இருக்கும் தகட்டையும் தலைகீழாகத் திருப்பிவிட்டால், விழும் கறை முற்றிலும் வேறாக இருக்கும். முதல் படத்துக்கும் அதற்கும் ஒரு கட்டம்கூட ஒத்துப்போகாது. அந்தக் கறையிலிருந்தும் வலை அதே மூலையைக் காட்டினால்?

"நானா, வேன எடுங்க. மத்தக் கரைக்கு."

"இந்த வரம்பிலயா? புள்ள, ஒரு சில்லு வழுக்கினா நாங்களும் இறால்தான்."

ஆனால் ஜௌபர் ஏறினான். மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் செய்கிறவன். கத்தரினா முன்னால் நடந்து, மண் இளகிய இடங்களில் கையைக் காட்டினார். மஞ்சள் வேன் ஆமைபோல ஊர்ந்தது. றுமானா கூரையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள். பண்ணை வேலையாட்கள் தீன் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். கிழக்குக் கரைக்கு வந்ததும் அவள் தகட்டைக் கழற்றித் திருப்பினாள். திருகாணி ஒன்று கை தவறிக் கூரையில் உருண்டது. ஜௌபர் கீழே நின்று ஏந்திப் பிடித்தான்.

கண் சிமிட்டல். கறை. ஏழு விநாடி.

இந்தத் தடவை மூவரும் தார்ப்பாய்க்குள் இருந்தார்கள். கத்தரினா சப்பாத்தோடு கூரையில் ஏறியிருந்தார். ஜௌபர் ஏணிப்படியில் நின்று தலையை மட்டும் உள்ளே விட்டிருந்தான். இந்தக் கரையிலிருந்து பார்க்கையில் வடகிழக்கு மூலை திரையின் வலது கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். படம் தெளிந்தது. வலது கீழ்ப்பக்கம், கிட்டத்தில் என்பதால் முன்னையதைவிடப் பெரிதாக, ஓரமெல்லாம் பிய்ந்த கத்தரிப்பூ நிறப் பாய்.

"அல்லாஹு அக்பர்," என்றான் ஜௌபர், மெதுவாக.

"இன்னும் இல்ல நானா," என்றாள் றுமானா. "நிறமானி. அதுதான் பொய் செல்லாது."

கழியைக் கத்தரினா வாங்கிக்கொண்டார். யாரையும் அனுப்பவில்லை, தீன் போடும் ரெஜிபோம் நுரைத் தெப்பத்தில் தானே ஏறி, கயிற்றைப் பிடித்துத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போனார். றுமானா கூரையில் நின்று திரையைப் பார்த்துப் பார்த்து வழி சொன்னாள். "வலப்பக்கம் அக்கா. இன்னும். இன்னும் ஒரு பாகம், ஆறடி. அங்கதான்! அங்கேயே வைங்க!" கழி நுனி தண்ணீருக்கு மேல் நின்றது. நிறமானியின் கோடு மடிக்கணினிக்கு வந்தது. மெதுவான ஏற்றம், முதல் மேடு, பிறகு அறுநூற்றிருபதில், படியிலிருந்து கால் தவறியதைப்போல, ஒரு இறக்கம். அதன்மேல் தன் வலை கட்டிய கோட்டை இழுத்து வைத்தாள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. ஊசி நுழையும் இடைவெளிதான் இருந்தது.

அவள் கத்தினாள். சொல் ஒன்றும் இல்லை, வெறும் கத்தல். அதற்குப் பிறகுதான் அழுகிறாள் என்பது தெரிந்தது. ஜௌபர் வேனின் ஹோர்னை மூன்று தடவை அமுக்கினான். களப்பு ஓரத்து நீர்க்காகங்கள் எழுந்து பறந்தன. அளக்கிறது. பழகியதைச் சொல்லவில்லை. பழக்கும்போது ஒருவரும் காட்டாத இந்தக் குளத்தை, இந்த மூலையை, இன்றைய காலையை, முப்பதும் ஒன்றாய் நசுங்கிப்போன ஒரு சாம்பல் கறைக்குள்ளிருந்து அது வெளியே எடுத்திருக்கிறது.

கத்தரினா திரும்பி வந்தபோது கையில் இரண்டு போத்தல்கள். ஒன்றில் மூலைத் தண்ணீர், மற்றதில் நடுத் தண்ணீர். வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். பதினெட்டு வருசத்துக் கண் இது." போத்தல்களைத் தாழ்த்தினார். "சரி மிஸ். இப்ப நீங்க சொல்லுங்க. நாளைக்கு விழுமா?"

அதுதான் உண்மையான கேள்வி. றுமானாவின் சந்தோஷம் ஒரு நிமிடம் தரையில் இறங்கி நின்றது. "அது எனக்குத் தெரியாது அக்கா," என்றாள். "அங்க இரிக்கி எண்டு மட்டும்தான் செல்ல ஏலும். எப்ப விழும், விழாதா எண்டு என்ட மிஷினுக்குத் தெரியாது. தெரியும் எண்டு சென்னா அதுதான் ஊகம்."

கத்தரினா அவளை உற்றுப் பார்த்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். முகத்தின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அவருக்கு இருந்த வழிகள் இரண்டு, இரண்டும் நல்லதில்லை. குளத்துத் தண்ணீரில் பாதியை வெளியேற்றி வாய்க்காலிலிருந்து புதிது எடுக்கலாம். ஆனால் வாய்க்காலின் மேல்பக்கத்துப் பண்ணைகளில் இந்தக் கிழமை வெள்ளைப்புள்ளி நோய் என்று கதை. அந்தத் தண்ணீரை உள்ளே விடுவது இறாலுக்கு நஞ்சு ஊட்டுவதற்குச் சமம். இல்லை, சும்மா இருக்கலாம். நாலு மணிக்குச் சக்கரங்களைப் போட்டே ஆகவேண்டும், இருட்டினால் ஒட்சிசன் போதாது. சக்கரம் சுழன்றால் மூலையில் கிடப்பது குளம் முழுக்கக் கலந்துவிடும்.

"அனே, இப்ப அது எங்க இருக்குது எண்டு தெரியும்தானே," என்றார் திடீரென்று. கண் விரிந்தது. "முழுக் குளத்தையும் என்னத்துக்கு மாத்த வேணும்? மூலைய மட்டும் இறைப்பம். மேல்தண்ணிய மட்டும். குறையிற தண்ணிக்குத் தெளிய வச்ச குளத்தில இருக்கிறதே தாராளமாக் காணும்!"

"முதலாளிட்டக் கேக்கத் தேவையில்லையா?" என்றான் ஜௌபர்.

"செஞ்சிட்டுச் சொல்லுவம். ஹரியா?"

பதினைந்து நிமிடத்தில் பம்பு வந்தது. குழாயின் வாயை மிதவையில் கட்டி, தண்ணீரின் மேல்பரப்பை மட்டும் உறிஞ்சும்படி வைத்தார்கள். மறுமுனை ஆறாம் இலக்கத்து வெற்றுக் குளத்துக்குள் போனது. இயந்திரம் உறுமியது. ஜௌபர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய் தூக்கப் போய்விட்டான். றுமானா கூரையில் இருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கெமரா கண் சிமிட்டியது. ஒவ்வொரு கறையும் ஏழு விநாடியில் குளமாகியது. பசி தெரியவில்லை. பண்ணைச் சமையற்காரர் அனுப்பிய பாணும் பருப்பும் பக்கத்தில் ஆறிக் கிடந்தன. பதினொரு மணிப் படத்தில் கத்தரிப்பூ நிறத்தின் நடுவில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. பதினொன்றரைக்கு ஓட்டை பெரிதாகியிருந்தது. பன்னிரண்டுக்குப் பாய் பாதி.

பேராசிரியருக்கு இரண்டு கோடுகளையும் ஒரே படமாக அனுப்பினாள். வேறொன்றும் எழுதவில்லை. பதில் வருகிறதா என்று பார்க்கக்கூட நேரமில்லை. ஏனென்றால் பன்னிரண்டேகாலுக்கு எடுத்த படத்தில் மூலை காலியாக இருந்தது.

முழுக்கக் காலி. அவள் திகைத்துப்போய் முழுக் குளத்தையும் திறந்தாள். இதுவரை களப்பிலிருந்து மூலையை நோக்கி வீசிய காற்று திசை மாறியிருந்தது. கன்னத்தில் படுவதை வைத்து இப்போதுதான் உணர்ந்தாள். மிச்சப் பாய், கிழக்குக் கரையை ஒட்டி, நீண்டு ஒடுங்கி, தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் அது துணி காற்றில் ஆடுவதைப்போல நெளிந்தது.

"அக்கா! போகுது! கரையோட போகுது! தெக்க!"

கத்தரினா குழாயின் வாயை மிதவையோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பின்னால் ஜௌபரும் இரண்டு வேலையாட்களும் குழாயின் நீளத்தைச் சுமந்து வரிசையாக நின்றார்கள். "எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் கத்தரினா, குளத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து.

"ஆறு பாகம். நடங்க. மெதுவா. அதுவும் மெதுவாத்தான் போகுது."

குளம் ஒரே பச்சையாகக் கிடந்தது. ஒரு சுழிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. அந்தப் பச்சைக்குள் தன் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாத ஒன்றின் பக்கத்தில், அதன் வேகத்துக்கு அடி எடுத்து வைத்து, கத்தரினா வரம்பில் நடந்துகொண்டிருந்தார். கூரையிலிருந்து குரல் வந்தது: "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஒங்களுக்கு நேரே இரிக்கி."